வெற்று முறை

க்ரோனிங்கனில் அந்த நவம்பர் முழுக்க
சர்க்கரை ஆலையில் கிழங்கு வேகும் நாற்றம்.
வந்த புதிதில் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
மறு கையால் சைக்கிள் ஓட்டினேன்.
பத்தாம் நாள், ஆலையை மூடிவிட்டார்களா என்று
பால் வண்டிக்காரனிடம் கேட்டேன்.
சிரித்துவிட்டு, புகைபோக்கியைக் காட்டினான்.

எனக்கு வேலை இருட்டில்.
ஷட்டர் திறப்பவன்.
மணி ஒன்று 'டக்' என்னும்; நான் திறப்பேன்;
ஒளி என்று அதைச் சொல்வதே மிகை.
ஒரு துளி வெளிச்சத்தைக் குளத்தில் கரைத்து
குளத்திலிருந்து திரும்ப ஒரு துளி எடுத்தது மாதிரி.
வலக்கைப் பொத்தான்: கண்டேன்.
இடக்கைப் பொத்தான்: காணவில்லை.

ஹிஸ்கே போஸ்துமா,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை,
எங்களிடம் பகலில், மணிக்கு இரண்டு கில்டருக்கு.
கண் இருட்டுக்குப் பழகும் நாற்பது நிமிடமும் பேசுவாள்:
நாலு மாதக் குழந்தை யெல்மர்,
அவனைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டுக்காரியின் இருமல்,
விரல் இடுக்கில் போகாத குளோரின்.
பிறகு மெழுகுக் கட்டையைப் பல்லால் கடித்துக்கொள்வாள்.
பேச்சு நிற்கும். 'டக்.'

அதே வெளிச்சம்.
அதே கண்.
ஒருமுறை கண்டேன், மறுமுறை காணவில்லை.
பாடப்புத்தகம் இதை வாசல் என்கிறது.
வாசல் என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டாமா?

ஐந்துக்கு ஒன்று வெற்று முறை.
மணி அடிக்கும், ஷட்டர் திறக்காது.
அப்போதும் 'கண்டேன்' என்றால்
நோட்டில் சிவப்புப் பென்சிலால் ஒரு கீறல்.

டிசம்பரில் பேராசிரியர் தோல்ஸ்மா கூலியை மாற்றினார்.
இல்லாததைக் கண்டால் கால் கில்டர் வெட்டு.
அந்த வாரம் ஹிஸ்கே கஞ்சத்தனமாகப் பார்த்தாள்.
அடுத்த வாரம், இருப்பதைத் தவறவிட்டால்தான் வெட்டு.
ஊதாரியாகப் பார்த்தாள்.
தோல்ஸ்மாவுக்கு ஏகக் கொண்டாட்டம்.
கரும்பலகையில் ஒரு வில் வரைந்து
இரண்டு வாரத்தையும் அதன்மேல் இரண்டு புள்ளியாக வைத்தார்.
"பார், கண் மாறவேயில்லை.
விலைதான் மாறியது."

அன்று மாலை கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டே
ஹிஸ்கே கேட்டாள், என்னிடம் அல்ல, கதவிடம் போல:
"குழாயைத் திறந்தால் யெல்மர் அழுவது கேட்கிறது.
மூடினால் இல்லை.
மாடி ஏறிப் பார்த்தால் வாயைத் திறந்தபடி தூங்குகிறான்.
ராத்திரிக்கு ஐந்து தடவை, ஆறு தடவை.
டாக்டர் நரம்பு என்று மாத்திரை கொடுத்தார்.
உங்கள் நோட்டில் அதற்கு எத்தனை கீறல்?"

நான் அவளுடைய கையுறையைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் அவள் வருவதை நிறுத்தியிருந்தாள்.
அஸ்ஸனுக்குக் குடிபோனதாக யாரோ சொன்னார்கள்.
எண்ணெய் போட ஷட்டரைக் கழற்றினேன்.
ஸ்பிரிங் தளர்ந்திருந்தது.
தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே
முடி நுழையும் அளவு இடைவெளி.
விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன்.
வரவில்லை.
நாற்பது நிமிடம் இருட்டில் உட்கார்ந்துவிட்டுப்
பார்த்தேன்.
வந்தது.
வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

எந்த நாளிலிருந்து என்று ஸ்பிரிங்குக்குத்தான் தெரியும்.
நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு சிவப்புக் கீறல்கள்.
எது அவள் ஆசை, எது அவள் பயம்,
எது என் கதவிடுக்கில் கசிந்த நிஜம்.
அழிப்பானை எடுத்தேன்.
எங்கே வைப்பது என்று தெரியாமல்
மேசையிலேயே வைத்துவிட்டேன்.
தோல்ஸ்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, வெட்டிய தொகையைக் கணக்குப் பார்த்து
அஸ்ஸனுக்கு மணியார்டர் செய்யச் சொன்னார்.
விலாசம் யாரிடமும் இல்லை.

அன்றிரவு அறைக்கு வந்து குழாயைத் திறந்தேன்.
திறந்தபடி விட்டு,
தட்டைக்கூடக் கழுவாமல், நின்று கேட்டேன்.
எனக்கு மாடியில் யாருமில்லை.
தண்ணீர் தண்ணீராகவே கேட்டது.